ஆகாசத்துல ஒண்ணேகால் மணி, ரோட்டுல பன்னெண்டு மணி

பேய், ஆவி, காத்து கருப்பு எல்லாம் வேலை வெட்டி இல்லாதவங்க பேச்சுன்னு அறுபத்தெட்டு வயசு வரைக்கும் நெஞ்சை நிமித்திச் சொல்லிக்கினு இருந்தவன் நான். நாப்பது வருஷம் லாரி ஓட்டினவன், சுடுகாட்டு ஓரமா வண்டியை நிறுத்தி, அடியில துண்டை விரிச்சுத் தூங்கி எழுந்து, அங்கயே குழாயில பல் விளக்கிட்டுப் போனவன். எந்தப் பேயும் என்னைக் கை காட்டி நிறுத்தினதில்ல. நிறுத்தியிருந்தா வாடகை பேசி ஏத்திக்கினு போயிருப்பேன், அவ்வளவுதான். அதனால இப்ப நான் சொல்லப்போறதைக் கேட்டு நீங்க உதட்டைப் பிதுக்கினா எனக்குக் கோபம் வராது. வேற எவனாவது இதை என்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், சொல்றவன் யாருன்னு தெரியணும் இல்லியா. நகரியில லாரி முனிரத்தினம்னா சின்னக் கொழந்தையும் வீட்டைக் காட்டும். எங்க நைனா அடுத்தவன் கழனியில கூலிக்குப் போனவர், எங்களுக்குன்னு ஒரு முழம் நெலம் கிடையாது. நான் மூணாங்கிளாஸோட பலகையைத் தூக்கிப் போட்டுட்டு லாரியில கிளீனரா ஏறினேன். இன்னைக்குப் பதினோரு வண்டி ஓடுது. வீடு நகரியில, லாரி ஷெட் புத்தூர்ல. ஜில்லாவைப் பிரிச்சப்போ வீடு சித்தூர் ஜில்லாவுல நின்னுபோச்சு, ஷெட் திருப்பதி ஜில்லாவுக்குப் போயிடுச்சு, ஒரே மனுஷன் ரெண்டு கலெக்டருக்குப் பதில் சொல்லிக்கினு இருக்கேன். படிப்பு இல்லையே தவிர எனக்குத் தூரம் தெரியும். எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், லோடோட எத்தனை மணி, காலியா எத்தனை மணி, தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க சொல்றேன். கால் மணி முன்ன பின்ன இருந்தா மீசையை எடுத்துக்கறேன்.

எனக்கு ஒரே அக்கா, காந்தம்மா. ராஜமுந்திரி பக்கத்துல கடியம்னு ஒரு ஊர், ஊர் முழுக்க நர்சரி, எங்க பக்கத்து மாந்தோப்புக்கெல்லாம் அங்கிருந்துதான் கன்னு வரும். அப்படிச் செடி விக்க புத்தூருக்கு வந்த ஒரு தெலுங்குக்காரருக்கு அக்காவைக் குடுத்தோம். நல்ல மனுஷன், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா தூரம். கல்யாணமாகி ரயிலேறும்போது அக்கா அழுதது புருஷன் வீட்டுக்குப் போறதுக்கு இல்ல, அந்தத் தூரத்துக்கு.

அப்புறம் அந்தத் தூரம்தான் எனக்குச் சோறு போட்டுச்சு. சொந்தமா முதல் வண்டி எடுத்ததும் சித்தூர் வெல்லத்தை ஏத்திக்கினு மேல போவேன், கடியத்துல செடி ஏத்திக்கினு கீழ வருவேன். புத்தூர்ல இருந்து நாகலாபுரம், வரதய்யபாளையம் வழியா தடா போய்ப் பெரிய ரோட்டைப் பிடிக்கணும். அப்புறம் சூளூர்பேட்டை, நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, ஏலூர், தணுக்கு, ராவுலபாலத்துல கோதாவரிப் பாலம், அதைத் தாண்டினா கடியம். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல. வேற டிரைவருங்களுக்குப் பதினஞ்சு மணி, பதினாறு மணி ஆவும். என் கைக்குப் பன்னெண்டு மணி நேரம். அந்த லைன்ல அது எல்லாருக்கும் தெரியும்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்துச்சு. நான் கெளம்பும்போது அவங்க தெருக்கோடி கடைக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லிடுவேன். அவ்வளவுதான், அதுல இருந்து அவ வீட்டு வேலையைப் பாத்துக்கினே என்கூட ரோட்டுல வருவா. "இப்ப நெல்லூர் தாண்டியிருப்பான், இப்ப ஓங்கோல்ல டீ குடிப்பான்"னு வாய்விட்டுச் சொல்லிக்கினே இருப்பாளாம். தணுக்குன்னா அரிசி களையணும், ராவுலபாலம் பாலம்னா உலையில போடணும். அவ வாசல்ல நான் ஹாரன் அடிக்கறப்போ சோறு வடிச்சு ஆவி பறந்துக்கினு இருக்கும். ஒரு தடவை கூட ஆறினதில்ல, ஒரு தடவை கூட வேகாம இருந்ததும் இல்ல.

அக்கா புருஷன் தவறிப்போனப்புறம் அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"டேய் முனி, அந்த மொத வண்டி இருக்குதா, வித்துட்டியா?"

"இருக்குக்கா. இஞ்சின், பாடி எல்லாம் ரெண்டு தடவை மாத்தியாச்சு, நம்பர் மட்டும் அதே."

"ஒரே ஒரு தடவை என்னை அதுல முன்னால உக்கார வெச்சு நம்ம ஊருக்குக் கூட்டிக்கினு போடா. இத்தனை வருஷமா வாயாலயே அந்த ரோட்டுல போய்க்கினு இருக்கேன். வர்றதும் போறதும் ரயிலு. கண்ணால அந்த ரோட்டைப் பாத்ததே இல்ல."

நான் என்ன சொல்லியிருக்கணும்? ஏறுக்கான்னு சொல்லியிருக்கணும். சொல்லல. "லாரியிலயா? முனிரத்தினம் அக்கா லாரியில வந்து எறங்கினாங்கன்னா நகரியில நாலு பேர் என்னைப் பத்தி என்ன பேசுவான்? கொஞ்சம் பொறு. ரேணிகுண்டாவுல இருந்து ராஜமுந்திரிக்கு நேரா பிளேன் விடப்போறாங்க. உன்னைப் பிளேன்லயே கூட்டிக்கினு போறேன்."

"எனக்கு எதுக்குடா ஆகாசம்? லாரி போதும்டா."

"சும்மா இருக்கா. ஒண்ணேகால் மணி நேரம். நீ அரிசி களையறதுக்குள்ள வந்து எறங்கிடலாம்."

"அப்ப சோறு எப்படா வேகும்?"னு சிரிச்சா.

பிளேனும் வந்துச்சு. வாரத்துல சில நாள் மட்டும் போற சின்ன பிளேன், ரெக்கையில காத்தாடி வெச்சது. நான் நகரி பூரா சொல்லிக்கினு திரிஞ்சேன். ரோட்டுல அறுநூறு, ஆகாசத்துல நானூத்தி அம்பது சொச்சம், பன்னெண்டு மணி நேரம் எங்க, ஒண்ணேகால் மணி நேரம் எங்கன்னு டீக்கடையில ஒருத்தரை விட்டுவைக்கல. என் பழைய டிரைவர் ஒருத்தன் மட்டும் கேட்டான், "அப்ப மீதி நூத்தி அம்பது கிலோமீட்டர் எங்க போச்சுண்ணா?" நான் சிரிச்சிட்டு அவன் முதுகுல ஒண்ணு வெச்சேன். அக்காவைக் கூட்டிவர மட்டும் போகல. மாங்கா சீசன் முடியட்டும்னேன், அப்புறம் மழை விடட்டும்னேன்.

போன ஐப்பசியில ஒரு நாள் விடிகாலை அஞ்சு மணி. அக்கா மக ஜோதி போன் பண்ணா. அவ கடியத்துலயே பொறந்து வளந்தவ, பாதித் தமிழ் பாதித் தெலுங்கு பேசுவா, அன்னைக்கு ரெண்டும் வரல. ஆஸ்பத்திரியில இனிமே வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்களாம். "அம்மா உன்னைத்தான் கேக்குது மாமா. இன்னைக்குள்ள வந்துடு. நாளைக்குன்னா... தெரியல மாமா."

என் பையன் பிரபு அதுக்குள்ள கார் சாவியை எடுத்துட்டான். "கெளம்பு நைனா, அம்மாவையும் ஏத்திக்கலாம். இப்ப எடுத்தா மூணு, மூணரைக்கு அத்தை பக்கத்துல இருக்கலாம்."

நான் கணக்குப் போட்டேன். அன்னைக்குப் பிளேன் இருக்கிற நாள். பன்னெண்டரைக்கு ஏறினா ஒண்ணே முக்காலுக்கு ராஜமுந்திரி, அங்கிருந்து டாக்ஸி பிடிச்சா மூணு மணிக்குள்ள வீடு. அரை மணி நேரம் லாபம். அதுமட்டும் இல்ல, உண்மையைச் சொல்லணும்னா, பிளேன்ல வந்தேன்க்கான்னு அவ காதுல சொல்லணும்னு இருந்துச்சு. "நீ கார்ல அம்மாவைக் கூட்டிக்கினு வா, நான் உனக்கு முன்னால போய் நிக்கறேன் பாரு"ன்னேன்.

"நைனா, மழை மூட்டமா இருக்கு. பிளேனை நம்பாதே."

"எனக்குத் தூரம் சொல்லித் தர்றியா? போடா."

பத்து மணிக்கு என்னை ரேணிகுண்டா ஏர்போர்ட்ல எறக்கி விட்டுட்டுத்தான் அவன் அவங்கம்மாவோட ரோட்டைப் பிடிச்சான். அந்தக் காம்பவுண்டு கட்டறப்போ ஜல்லி அடிச்சது என் வண்டிதான், அதை வாசல்ல நின்ன செக்யூரிட்டிகிட்டயும் சொன்னேன், அவன் ஆதார் கார்டை எடுன்னான். உள்ள போய் உக்காந்தேன். பதினோரு மணிக்கு மழை பிடிச்சுது பாருங்க, திருமலை இருந்த இடமே தெரியல, கண்ணாடி சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை. பன்னெண்டரைக்கு ஒரு மணி நேரம் லேட்டுன்னாங்க. ஒன்றரைக்கு இன்னொரு மணி நேரம்னாங்க. மொத்தமா நாலு மணி நேரம் லேட்டுன்னு விடிகாலையிலயே தெரிஞ்சிருந்தா பிரபு கூடவே கார்ல போயிருப்பேன். ஒவ்வொரு மணி நேரமா நீட்டினா மனுஷன் என்ன பண்ணுவான், இதோ இப்போன்னு உக்காந்துக்கினே இருப்பான். என்னால உக்காரவும் முடியல. அந்த ஹாலை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். பீடிக்கு வழி இல்ல. டீ ஒண்ணு வாங்கினேன், கையில வெச்சுக்கினே ஆறவிட்டுக் கொட்டினேன். வானத்தைப் பாத்தேன், கைக்கடிகாரத்தைப் பாத்தேன், மறுபடியும் வானம்.

நடுவுல போன் டிங்குன்னுச்சு. காலையில வீட்டுல சட்டை மாத்தும்போது ஒரு தடவை கேட்டேன், ஏர்போர்ட்ல மூணு தடவை. நான் மெசேஜ் படிக்கிற ஆள் இல்ல, எல்லாம் இங்கிலீஷ்ல வரும். லேட்டுன்னு சொல்றதுக்கு மெசேஜ் வேறயான்னு பையில போட்டுக்கினேன். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

பதினொன்றரை வாக்குல ஜோதிக்குப் போன் பண்ணேன். "எப்படி இருக்குதும்மா?"

"பேசுது மாமா. ஆனா சம்பந்தம் இல்லாம பேசுது. ஊர் பேரா சொல்லிக்கினு இருக்கு. இப்ப ஓங்கோல், ஓங்கோல்னுச்சு."

"ஜுரத்துல அப்படித்தான் பேசும். மாமா பிளேன்ல வர்றார்னு சொன்னியா?"

"சொன்னேன் மாமா. 'அவனா? அவன் லாரியிலதான் வருவான், விடியக்காலமே கெளம்பிட்டான்'னுது."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் அழுகை வந்துச்சு. பக்கத்துல ஒரு குடும்பம் மொட்டை போட்டுக்கினு லட்டு டப்பாவோட உக்காந்திருந்தாங்க, அவங்க முன்னால அழக்கூடாதுன்னு முகத்தைத் திருப்பிக்கினேன்.

நாலே முக்காலுக்குப் பிளேன் கெளம்புச்சு. ஜன்னல் சீட்டு. மேகத்துக்கு மேல போனதும் பளீர்னு வெயில், கீழ நடந்தது எதுவும் நடக்காத மாதிரி. என் பக்கத்துல கண்ணாடி போட்ட ஒரு ஆள், ஏதோ கம்பெனி ஆபீசர் போல, தூங்கிக்கினு இருந்தார். கொஞ்ச நேரம் போச்சு. இப்ப சொல்றது சின்ன விஷயம்தான், ஆனா நடந்தது. என் வலது கால் தானா எழுந்து முன்சீட்டு அடியில பலமா ஒரு மிதி மிதிச்சுது. நான் மிதிக்கல. லோடு வண்டியைத் தெருவுக்குள்ள திருப்பி நிறுத்தும்போது எப்படி மிதிப்பேனோ அப்படி, நிதானமா, கடைசி வரைக்கும் அமுக்கி. இடது கையும் கியரை நியூட்ரலுக்குத் தள்ற மாதிரி நகந்து அந்த ஆபீசர் முட்டியில இடிச்சுது. அவர் முழிச்சுக்கினு, "ஏமண்டி, பாகா உந்தா?"ன்னார். நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டுக் கடிகாரத்தைப் பாத்தேன். அஞ்சேகால்.

ஆறு மணிக்கு ராஜமுந்திரி. டாக்ஸிக்காரனை விரட்டி ஏழு மணிக்குக் கடியம் தெருவுக்குள்ள நுழையறேன், வாசல்ல ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க, பிளாஸ்டிக் நாற்காலி எறங்குது. எனக்குப் புரிஞ்சு போச்சு. ஜோதி ஓடி வந்து என் நெஞ்சுல மோதினா. "வெள்ளிப்போயிந்தி மாமா"ன்னா. போயிடுச்சு மாமா, போயிடுச்சு.

"எப்ப?"

"அஞ்சேகால்."

அக்காவைக் கூடத்துல படுக்க வெச்சிருந்தாங்க. முகத்துல வலி இல்ல. பயணம் போற பொம்பளை ஜன்னல் ஓரம் உக்காந்தா ஒரு முகம் வெச்சிருப்பா இல்ல, அந்த முகம். நான் காலைப் பிடிச்சுக்கினு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியாது. பிளேன்ல வந்தேன்க்கான்னு சொல்ல வாய் வரல. பதினோரு லாரி வெச்சிருக்கிறவன், தூரத்தைப் பத்தி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன், ரெண்டு மணி நேரம் லேட்டு.

அப்புறம் ஜோதி என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கினு போனா. அங்க அடுப்பு மேல ஒரு குண்டான் நிறைய சோறு. சாவு வீட்டுல அடுப்பு மூட்ட மாட்டாங்க இல்ல, வந்த பொம்பளைங்க எல்லாம் இது என்னன்னு முறைச்சுக்கினு இருந்தாங்களாம். ஜோதி அழுதுக்கினே சொன்னா.

"காலையில இருந்து வரிசையா சொல்லிக்கினே வந்துச்சு மாமா. ஏழேகாலுக்குச் சூளூர்பேட்டைன்னுச்சு. பதினொண்ணேகாலுக்கு ஓங்கோல். ஒண்ணே முக்காலுக்கு விஜயவாடா வரப்போகுதுன்னுச்சு. மூணு இருபதுக்கு ஏலூர். சரி பழைய ஞாபகம்னு விட்டுட்டேன். நாலேகாலுக்கு, 'தணுக்கு வந்துட்டான், அரிசி களை'ன்னுச்சு. நான் சும்மா இருந்தேன். கத்துச்சு மாமா. ரெண்டு நாளா தண்ணி கேக்கவே சத்து இல்லாதது கத்துச்சு. சரின்னு களைஞ்சேன். 'பாலம் ஏறிட்டான், போடு போடு'ன்னுச்சு. போட்டேன். வடிச்சுட்டு வந்து பாத்தா எழுந்து உக்காந்திருக்கு."

"உக்காந்திருந்தாளா?"

"யாரும் தூக்கல மாமா. 'ஹாரன் கேக்குது பாரு'ன்னு வாசலையே பாத்துச்சு. அப்புறம், 'வந்துட்டியாடா... எறங்காத, எறங்காத, நானே ஏறிக்கறேன்'னு சொல்லிட்டு வலது கையை இப்படி மேல தூக்குச்சு." ஜோதி தூக்கிக் காட்டினா. தலைக்கு மேல, விரலை மடக்கி. லாரி கேபின்ல ஏறுறவங்க கதவோரக் கம்பியைப் பிடிக்கிற பிடி. ஜோதி ஜென்மத்துல லாரி ஏறினவ இல்ல, அது என்ன பிடின்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"உனக்குன்னு வெச்சது மாமா"ன்னு சோத்தைப் போட்டுக் குடுத்தா. பொணம் எடுக்கறதுக்கு முன்னால கூடப் பொறந்தவன் துன்னக் கூடாது, எனக்குத் தெரியாதா என்ன. பின்கட்டுல நின்னுக்கினே துன்னேன். நடுவுல இருந்த சோறு இன்னும் சூடா இருந்துச்சு.

கை கழுவும்போது பிரபு எங்க வர்றான்னு கேக்கச் சொல்லி என் போனை ஜோதிகிட்ட குடுத்தேன். அவ போன் பண்ணல. போனையே பாத்துக்கினு நின்னா.

"மாமா, நிஜமா சொல்லு. லாரி எதையாவது இங்க அனுப்பினியா?"

"இல்லியே, ஏன்?"

"டோல்கேட் மெசேஜ் வந்திருக்கு." கண்ணாடியில ஒட்டுற டேக் இருக்கு இல்ல, வண்டி கேட்டைத் தாண்டினா போனுக்குத் தகவல் வருமே, அது. ஜோதி படிச்சா. காலை ஏழு மணி பதினாலு நிமிஷம், சூளூர்பேட்டை பக்கத்துக் கேட். பதினொண்ணு பதினாறு, ஓங்கோல் பக்கத்துக் கேட். ஒண்ணு நாப்பத்தஞ்சு, விஜயவாடாவுக்கு முன்னால ஒண்ணு. மூணு இருபது, ஏலூர் பக்கம். வழியில இருக்கிற எல்லாக் கேட்டுக்கும் வரல, அந்த நாலுக்குத்தான். வண்டி நம்பர் படிக்கச் சொன்னேன். படிச்சா. ஓடுற பதினோரு வண்டியில எந்த வண்டி நம்பரும் இல்ல. என் மொத வண்டி நம்பர்.

அங்கயே நின்னு ஷெட்டுக்குப் போன் பண்ணேன். மெக்கானிக் பாஷா பாய் எடுத்தார், முப்பது வருஷமா என் வண்டிங்களைப் பாக்கறவர்.

"பாய், பழைய வண்டி எங்க இருக்கு?"

"எங்கண்ணா போகும்? கியர் பாக்ஸ் எறக்கி என் பெஞ்சு மேல இருக்கு, சக்கரம் எல்லாம் கழட்டி வண்டி கட்டை மேல நிக்குது. நீங்கதானே கழட்டச் சொன்னீங்க. ஏன், யாராவது வெலைக்குக் கேக்கறாங்களா?"

"இன்னைக்கு யாராவது அதைத் தொட்டாங்களா?"

"அண்ணா, சாவு வீட்டுல இருந்து இதைக் கேக்கத்தான் போன் பண்ணீங்களா?"ன்னார்.

மூணாம் நாள் காரியம் முடிச்சுத் திரும்பினதும் வீட்டுக்குப் போகல, நேரா ஷெட்டுக்குப் போனேன். எனக்கு ஒரு வழக்கம், எழுத்து அவ்வளவா வராததால எந்த வண்டி உள்ள வந்து நின்னாலும் மீட்டர்ல இருக்கிற நம்பரை மட்டும் கேபின் கதவு உள்பக்கம் சாக்பீஸ்ல எழுதி வெச்சுடுவேன். பாத்தேன். கதவுல இருக்கிற நம்பரும் மீட்டர்ல இருக்கிற நம்பரும் ஒண்ணுதான், ஒரு கிலோமீட்டர் கூட ஏறல. மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியா எறங்கி முன்னால வந்தேன். கண்ணாடி பூரா பூச்சி. அறுநூறு கிலோமீட்டர் ஓடின வண்டியில அப்பியிருக்குமே, மஞ்சளும் வெள்ளையுமா, அந்த மாதிரி. "மழைக்காலம்ணா, ஷெட்ல டியூப்லைட்டுக்கு வந்து விழறதுதான்"னார் பாஷா பாய். பக்கத்துல நின்ன ரெண்டு வண்டி கண்ணாடியைக் காட்டினேன். சுத்தமா இருந்துச்சு. பாய் துணி எடுக்கப் போனார்.

பிரபு படிச்ச பையன், எதுக்கும் ஒரு காரணம் வெச்சிருப்பான். யாரோ நம்ம நம்பரைப் போட்டுத் திருட்டு வண்டி ஓட்டறான் நைனான்னு டோல்காரங்ககிட்ட புகார் குடுத்தான். வண்டி கடந்தது சரிதான்னு ஒரு வரி பதில் வந்துச்சு. சரி, இத்தோட முடிஞ்சுதுன்னு இருந்தேன். முடிஞ்சிருந்தா இதை உங்ககிட்ட சொல்லியிருக்கவே மாட்டேன், எனக்குள்ளயே வெச்சுக்கினு செத்திருப்பேன்.

தை மாசம் டிங்குன்னுச்சு. அதே நம்பர், ஏலூர் பக்கத்துக் கேட். பிரபு கோபமா ஷெட்டுக்குப் போய் அந்த டேக்கைக் கண்ணாடியில இருந்து சுரண்டி எடுத்துக் கொளுத்திட்டான். சித்திரையில மறுபடியும் டிங்குன்னுச்சு. விஜயவாடா கேட், ஏலூரை விட நமக்குக் கிட்ட. அந்த டேக் கணக்கையே மூடிடறேன்னான் பிரபு. நான் விடல.

"மூடாதே. அதுல காசு தீராம பாத்துக்க. இல்லாட்டி வழியில கேட்ல நிறுத்திடுவாங்க."

"யாரை நைனா நிறுத்துவாங்க?"

அவன் என்னையே பாத்துட்டுப் போயிட்டான். அன்னைக்கு ராத்திரி அவங்கம்மாகிட்ட, நைனாவை டாக்டர்கிட்ட காட்டணும்னு பேசிக்கினு இருந்தான். காது எனக்கு நல்லாத்தான் கேக்குது.

அதனால ஆடி மாசம் வந்ததை அவன்கிட்ட காட்டல. ஜோதிக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னேன். "ஓங்கோல் மாமா"ன்னா. அப்புறம் நான்தான் கேட்டேன், போறப்போ பன்னெண்டு மணி நேரத்துல போன வண்டி, வர்றப்போ ஏன் இத்தனை மாசம்னு. ஜோதி கொஞ்சமும் யோசிக்கல.

"அம்மாவுக்கு அந்த ரோட்டைப் பாக்கணும்னு ஆசை இல்ல மாமா? நிறுத்தி நிறுத்தித்தான் வரும்."

ஐப்பசி, தை, சித்திரை, ஆடி. மும்மூணு மாசம். இந்தக் கணக்குக்கு மூணாங்கிளாஸ் போதும். வர்ற ஐப்பசியில அக்காவுக்கு வருஷத் திதி, அப்ப சூளூர்பேட்டை கேட் வரணும். இப்ப புரட்டாசி பொறந்தாச்சு. போனை சார்ஜ் எறங்க விடறதில்ல, குளிக்கப் போனாலும் கூடத்தான் எடுத்துக்கினு போறேன். டிங்குன்னா உடனே எடுத்து நம்பரைப் பாக்கறேன். பாதி நேரம் ஏதாவது விளம்பரமா இருக்கும்.

ராத்திரியில ஒண்ணு மட்டும் யோசிக்கக் கூடாதுன்னு இருக்கேன், ஆனா வந்துடுது. அக்கா பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கா, சரி. ஓட்டறது யாரு? அன்னைக்கு விடிகாலை அஞ்சுக்கு ஜோதி போன் வந்தப்போ புத்தூரை விட்டிருந்தா, சாயங்காலம் அஞ்சேகாலுக்குக் கடியம், பன்னெண்டு மணி நேரம், கால் மணி தள்ளி. அந்த ரோட்டை அந்த நேரத்துல முடிக்கிற கை ஒண்ணுதான் இருக்கு, அது இதோ என் மடியில இருக்கு.

சூளூர்பேட்டை தாண்டினா அப்புறம் தடா, வரதய்யபாளையம், நாகலாபுரம், புத்தூர். அது சின்ன ரோடு, கேட் கிடையாது. வண்டி எங்க வருதுன்னு சொல்ல ஒரு மெசேஜும் வராது. நானேதான் வாய்விட்டுச் சொல்லிக்கினு உக்காந்திருக்கணும். நாகலாபுரம்னா அரிசி களையணும்னு வெச்சிருக்கேன். வீட்டுல இன்னும் சொல்லல.